இரண்டு அங்குலச் சந்தேகம்

"இந்தச் சுவரை யாரு சார் கட்டினது?"

உதவி கேட்டு என் அலுவலகத்துக்கு வந்தவர் கேட்ட முதல் கேள்வி இது. வந்தவர் கொத்தனார். நாற்காலியைக் காட்டினேன், உட்காரவில்லை. அறையின் நடுவே ஐந்து வரிசை உயரத்துக்கு எழும்பி நின்ற கான்கிரீட் கல் சுவரை, ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் சொந்தக்காரரைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரிஞ்ச ஆள் ஒருத்தர்" என்றேன்.

"மறுபடி கையில கிடைச்சா சும்மா விடாதீங்க சார்."

"எங்கண்ணே விடறது? மூணு வேளை சாப்பாடு போட்டு எங்க அக்கா வீட்டுலயே வெச்சிருக்காங்க" என்றாள் என் கொழுந்தியாள்.

என் மனைவியின் தங்கை எனக்கு உதவியாளராகச் சேர்ந்து இரண்டு வருடம் ஆகிறது. இந்த இரண்டு வருடத்தில் அவள் என்னைக் கிண்டலடிக்காத நாள் ஒன்றுதான். அன்று அவளுக்குப் பல்வலி. வாசல் பலகையில் 'துப்பறியும் நிபுணர்' என்று இருப்பது நான். இந்த ஒற்றை அறையைத் தடுத்து, முன்னால் ஆட்கள் காத்திருக்க, பின்னால் நான் நெற்றியைத் தடவிக்கொண்டு யோசிக்க ஒரு தனியறை வேண்டும் என்று ஆசைப்பட்டேன். கல்லின் மேல் கல் வைப்பதில் என்ன பெரிய வித்தை இருக்கிறது என்று நானே கரண்டியைப் பிடித்தேன். இருக்கிறது என்று மூன்றாவது வரிசையில் தெரிந்தது. அதற்குள் எல்லோரிடமும் பெருமையடித்தாகிவிட்டதால் நிறுத்த முடியவில்லை.

போதாக்குறைக்கு நான்கு நாளாக என் மூக்குக்கண்ணாடியைக் காணவில்லை. எதைப் பார்த்தாலும் கொஞ்சம் மங்கல். கண்ணாடி காணாமல் போன அன்று அறைக்கு வந்துபோன ஒரே வெளியாள், கீழே டீக்கடை வைத்திருப்பவர். எனவே மாடிப்படியில் நின்று, "கண்ணாடிய எடுத்தவங்க மரியாதையா கொண்டுவந்து வெச்சிடுங்க!" என்று கீழே கேட்கும்படி ஒரு குரல் கொடுத்திருந்தேன். அன்றிலிருந்து அவர் மேலே டீ கொண்டுவருவதில்லை. குற்றமுள்ள நெஞ்சு இப்படித்தான் ஒதுங்கும் என்று கொழுந்தியாளுக்கு விளக்கினேன். அவள் ஃபிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு கீழே போய்விட்டாள்.

"சரி, உங்க பிரச்சினையச் சொல்லுங்க" என்றேன் கொத்தனாரிடம்.

"என்னைத் திருடன்னு சொல்றாங்க சார்."

அதைச் சொல்லும்போதுதான் அவர் முதல்முறையாக என் சுவரிலிருந்து கண்ணை எடுத்தார்.

விஷயம் இதுதான். மூன்று தெரு தள்ளி ஒரு நீளக் கூடம். அதில் அண்ணன் கடிகாரம் பழுதுபார்க்கிறார், தம்பி துணி தைக்கிறார். தையல் மெஷின் சத்தத்தில் கடிகாரத்தின் 'டிக் டிக்' கேட்கவில்லை என்பது அண்ணனின் புகார். வாடிக்கையாளருக்கு இடுப்பளவு எடுக்கிற நேரம் பார்த்து எட்டு அலாரம் ஒன்றாக அலறுகிறது, ஆள் துள்ளுகிறார், அளவு தப்பாகிறது என்பது தம்பியின் புகார். பேச்சு முற்றி, பேச்சே நின்று, நடுவில் சுவர் எழுப்புவது என்று முடிவாயிற்று.

மூன்று நாளைக்கு முன் கொத்தனார் பன்னிரண்டாவது வரிசையைக் கட்டிக்கொண்டிருந்தார். அன்று காலை, சுவர் போய்ச் சேர வேண்டிய இடத்தில், பின்சுவரில் ஓர் ஆணி. அந்த ஆணியில் அவர்களுடைய அப்பாவின் பித்தளைப் பாக்கெட் கடிகாரம். அது யாருக்கு என்று இரண்டு பேருக்கும் இன்னும் முடிவாகவில்லை. கொத்தனார் அதை எடுத்துப் பத்திரமாக அண்ணனின் மேசையில் வைத்தார். மதியச் சாப்பாட்டுக்குப் போய்விட்டுத் திரும்பினால், கடிகாரம் இல்லை.

"கடைசியா அதைத் தொட்டவன் நான்தானாம். மூணு நாளாச்சு. அண்ணன்காரர் வாசல்ல நின்னு 'திருடன்'னு கத்தினார் சார், தெருவே திரும்பிப் பார்த்துச்சு. இன்னைக்குக் கடை சாத்தறதுக்குள்ள கடிகாரம் வரலேன்னா போலீஸ்னு சொல்லிட்டார். அடுத்த வாரம் ஒரு பள்ளிக்கூடம் கட்டற இடத்துல என்னை மேஸ்திரியா போடறாங்க. இருபது வருஷம் கரண்டி பிடிச்சதுக்குக் கிடைச்ச வேலை. திருட்டுப் பட்டத்தோட போனா உள்ள விடுவாங்களா?"

"கவலைப்படாதீங்க. நான் இருக்கேன்" என்றேன்.

"அதுதான்ணே கொஞ்சம் கவலை. ஆனா நானும் இருக்கேன், வாங்க" என்றாள் கொழுந்தியாள்.

*

கூடத்துக்குள் நுழைந்ததும் எனக்குப் பொறாமையாக இருந்தது. சுவர் என்றால் அது சுவர். கல்லுக்குக் கல் சீராக, கலவை ஒரே தடிமனாக, வாசலுக்கு நாலடி உள்ளேயிருந்து பின்சுவர் வரை கோடு கிழித்ததுபோல் நின்றது. கூரைக்குக் கீழே இரண்டடி மட்டும் இன்னும் திறப்பு. இடப்பக்கம் அண்ணன், கண்ணில் பூதக்கண்ணாடியைச் செருகிக்கொண்டு. வலப்பக்கம் தம்பி, கழுத்தில் அளவு நாடாவோடு.

"மேலே ஏன் மூடலை?" என்றேன்.

"இது ஹாலோ பிளாக் சார். ஒவ்வொரு கல்லுக்குள்ளயும் ரெண்டு குழி. அடுக்கினா குழிக்கு நேர் குழி வந்து மேலேர்ந்து அடிவரைக்கும் கிணறு மாதிரி இறங்கும். சத்தம் வராம இருக்க அந்தக் குழியில எல்லாம் கான்கிரீட் ஊத்தணும்னு பெரியவர் சொன்னார். நாலு மணிக்குக் கலவை மெஷின் வருது. ஊத்திட்டுத்தான் மேல மூடணும்."

"மூணு நாளா ஊத்தாம இருக்கு. அந்தத் தம்பிகிட்டக் கேளுங்க, ஏன்னு" என்றார் அண்ணன், என்னைப் பார்த்து. தம்பி சுவர் முனைக்கு அந்தப் பக்கம், நான்கடி தூரத்தில்தான் நின்றார்.

நான் தம்பியிடம் திரும்பினேன். "ஏன்னு கேக்கறார்."

"காதுல விழுந்துச்சு. முந்தாநாள் வெள்ளைக் கோட்டு ஆர்டர் இருந்துச்சு, தூசி படும்னேன். நேத்து எனக்குத் தலைவலி. இன்னைக்குக்கூட வானம் மூட்டமா இருக்கு, கலவை காயாது. நாளைக்கு வெச்சுக்கலாமான்னு அவர்கிட்டச் சொல்லுங்க."

"வீட்டுக்குள்ள இருக்கற சுவருக்கு வானம் எதுக்குன்னு சொல்லுங்க" என்றார் அண்ணன்.

துப்பறியும் நிபுணர் என்று பலகை மாட்டி ஒன்பது வருடமாகிறது. தபால்காரர் வேலையையும் சேர்த்துப் பார்த்தது அன்றுதான்.

நான் என் முறைப்படி ஆராய்ச்சியைத் தொடங்கினேன். அதாவது, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சுவரின் இருபுறமும் நடந்தேன். தம்பி பக்கத்துச் சுவரில், மேல் வரிசையில் என்னமோ இளஞ்சிவப்பாகத் தெரிந்தது. ஸ்டூலில் ஏறிக் கையால் தடவினேன். கல்லின் முனையில் ஏதோ மெல்லிசாக ஒட்டியிருந்தது.

"சிலந்தி வலை" என்று அறிவித்தேன்.

"மூணு நாள் சுவர்ல, அத்தான்?"

"சுறுசுறுப்பான சிலந்தி."

அவள் ஸ்டூலில் ஏறிப் பார்த்தாள். பிறகு குனிந்து, அதற்கு நேர் கீழே அடி வரிசையையும் பார்த்தாள். கையில் ஒட்டிய தூசியைத் தட்டிக்கொண்டாள். 

அதற்குள் எனக்கும் ஒரு யோசனை வந்துவிட்டது. குழிகள் கிணறு என்றால், கிணற்றில் தூண்டில் போட வேண்டியதுதானே? தையல்காரர்கள் சிந்திய ஊசிகளைப் பொறுக்க ஒரு காந்தம் வைத்திருப்பார்கள். அதை நூலில் கட்டி ஒவ்வொரு குழியாக இறக்கினால்?

"நல்ல யோசனை அத்தான்" என்றாள் அவள். நான் நம்பாமல் அவள் முகத்தைப் பார்த்தேன். கிண்டல் தெரியவில்லை.

தம்பி காந்தத்தைக் கொடுத்தார். தீப்பெட்டி அளவுதான், உள்ளங்கையில் கனமே தெரியவில்லை. நான் மெஷினிலிருந்த நூல்கண்டை எடுக்கப்போனேன்.

"அது வேணாம் சார்" என்று அவசரமாகத் தடுத்தார். "கல்லுல உரசினா அறுந்துடும். தோல்பை தைக்கற நூல் தரேன், இருங்க."

வாசல் பக்கத்திலிருந்து தொடங்கினேன். முதல் குழியில் ஒன்றுமில்லை. இரண்டாவதில் காய்ந்த கலவைத் துண்டுகள். மூன்றாவதில் நூல் இறுகியது. மெல்ல இழுத்தேன். கனமான எதுவோ சுவரில் இடித்து இடித்து மேலே வந்தது. நான் அப்போதே அந்தப் பள்ளிக்கூடத் திறப்புவிழாவில் முன்வரிசையில் உட்கார்ந்துவிட்டேன்.

வெளியே வந்தது ஓர் இரும்புக் குண்டு.

"என் தூக்குக்குண்டு!" என்று கூவினார் கொத்தனார். உடனே ஏன் கூவினோம் என்ற முகத்தோடு வாயை மூடிக்கொண்டார்.

தூக்குக்குண்டு என்பது நூலில் தொங்கவிட்டுச் சுவர் சாயாமல் நிற்கிறதா என்று பார்க்கிற கருவி. என் அலுவலகச் சுவரைக் கட்டியவரிடம் அது இருக்கவில்லை.

"இது எப்ப உள்ள விழுந்துச்சு?" என்றார் அண்ணன், பூதக்கண்ணாடியைக் கழற்றி.

கொத்தனார் தலையைக் குனிந்தார். "பத்தாவது வரிசை முடிஞ்சப்போ காணாம போச்சுங்க. மேல வெச்சிருந்தேன், தட்டி விட்டிருக்கேன் போல. குண்டைத் தொலைச்ச கொத்தனார்னு வெளியில சொல்ல முடியுங்களா? கடைசி ரெண்டு வரிசையும் குமிழி மிதக்கற ரசமட்டத்தை வெச்சு, கண் பார்வையிலதான் கட்டினேன்."

இந்த இடத்தில் நான் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் எல்லோரும் என்னையே பார்த்தார்கள், பின்னால் ஒரு ஸ்டூலும் இருந்தது. ஏறி நின்றேன்.

"புரிஞ்சிடுச்சு! இந்தச் சுவருக்குள்ள கடிகாரமே இல்ல. ஏன்னா அது வெளியவே போகல. அப்பாவோட கடிகாரத்துல தம்பிக்குப் பங்கு போகக் கூடாதுன்னு அதை ஒளிச்சு வெச்சுட்டு, பழியக் கொத்தனார் மேல போட்டது வேற யாருமில்ல..." விரலை நீட்டினேன். "நீங்கதான்!"

கண்ணாடி இல்லாததால் விரல் சுவர்க்கடிகாரத்தை நோக்கி இருந்தது. ஆனாலும் அண்ணனுக்குப் புரிந்துவிட்டது.

"நானா?" அவர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். "என் கடையில நின்னுக்கிட்டு என்னையே திருடன்னு சொல்றியா? சாயங்காலம் வரைக்கும் எதுக்குக் காத்திருக்கணும்? இப்பவே போலீஸைக் கூப்பிடறேன்."

அவர் போனை எடுத்தார். கொத்தனார் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, என் சுவரைப் பார்த்தபோதுகூட அவ்வளவு வருத்தம் அதில் இல்லை.

"ஒரு நிமிஷம் சார்" என்றாள் கொழுந்தியாள். குரல் உயரவில்லை. ஆனாலும் அவர் கை நின்றது. "அத்தான், நீங்க கீழ இறங்குங்க. அந்த ஸ்டூல் வேணும்."

இறங்கினேன். அவள் தம்பியின் பக்கம் நடந்தாள்.

"டெய்லரண்ணே, உங்க கடைப் பலகையில என்ன எழுதியிருக்கு?"

தம்பி அளவு நாடாவை விரலில் சுற்ற ஆரம்பித்தார். கொத்தனார்தான் எட்டிப் பார்த்துப் படித்தார். "'துணி கிழியலாம், எங்கள் நூல் அறாது.'"

"அப்படிப்பட்டவர், தீப்பெட்டி மாதிரி ஒரு காந்தத்துக்கு, கல்லுல உரசினா நூல் அறுந்துடும்னு சொல்றார். ஏற்கெனவே அறுந்ததைப் பார்த்தவர்தானே அப்படிச் சொல்ல முடியும்?" அவள் ஸ்டூலில் ஏறினாள். "எங்க அத்தான் கண்டுபிடிச்ச சிலந்தி வலை இதோ. இளஞ்சிவப்பு நூல், ஒரு விரக்கடை. கல்லோட முனையில சிக்கியிருக்கு. பக்கத்துல தையல் சாக்பீஸால ஒரு கோடு, '2'ன்னு ஒரு நம்பர். அடி வரிசையிலயும் அதே மாதிரி கோடு, அதே '2'. கொத்தனார் தையல் சாக்பீஸால குறிக்கமாட்டார். மூணு நாளா எல்லாரும் இந்தச் சுவர் முடியணும்னு இருக்காங்க. ஒருத்தர் மட்டும் கான்கிரீட் ஊத்த விடாம வெள்ளைக் கோட்டு, தலைவலி, வானம்னு சொல்லிக்கிட்டே இருக்கார்."

எட்டு அலாரங்களும் ஒரே நேரத்தில் அலறின. மணி மூன்று. யாரும் துள்ளவில்லை.

அலாரம் ஓய்ந்ததும் தம்பி துணி வெட்டும் மேசையில் சாய்ந்துகொண்டார்.

"குண்டு இல்லாம கட்டறதைப் பார்த்தேன்" என்றார். "என் பக்கமா சாய்ச்சுக் கட்டச் சொல்லிட்டாரோன்னு தோணிடுச்சு. ரெண்டு அங்குலம் சாய்ஞ்சா என் வெட்டற மேசை போகாது. கொத்தனார் சாப்பிடப் போயிட்டார். இவர் மேசையில தலைய வெச்சுத் தூங்கிட்டு இருந்தார். கனமா எதையாவது நூல்ல கட்டித் தொங்கவிட்டு அளந்துடலாம்னு பார்த்தேன். கைக்குக் கிடைச்சது அப்பாவோட கடிகாரம்தான். அதுல சங்கிலி இருக்கு. ஆனா எனக்கு நூல் மேலதான் நம்பிக்கை. அளந்து முடிச்சு மேல இழுத்து எடுக்கறப்ப, கல்லோட முனை அறுத்துடுச்சு. உச்சிக்கு வந்த கடிகாரம் உருண்டு குழிக்குள்ள போயிடுச்சு."

"எடுக்கப் பார்க்கலையா?" என்றேன்.

"காந்தம் விட்டேன். பித்தளையாச்சே, ஒட்டல. கொக்கி விட்டு எடுக்கலாம்னா, இவர் மூணு நாளா கடையை விட்டு நகரல, படுக்கையும் இங்கேயே. கொத்தனார் பேர் கெடுதுன்னு தெரியும். வாயத் திறக்க வெக்கமா இருந்துச்சு. தப்புதான்." முகத்தை அளவு நாடாவால் துடைத்துக்கொண்டார்.

கொத்தனார் யாரையும் கேட்கவில்லை. கீழ்க்கோட்டுக்கு நேரே முட்டி போட்டு உட்கார்ந்து, உளியை வைத்துச் சுத்தியலால் தட்டினார். தான் கட்டியதைத் தானே உடைக்கிற மனுஷனின் முகத்தை நான் பார்க்க விரும்பவில்லை. கல்லின் முகப்பு கையகலத்துக்கு உடைந்தது. உள்ளே கையை விட்டு எடுத்தார். பித்தளைக் கடிகாரம், வாலாக ஒரு முழம் இளஞ்சிவப்பு நூல். கண்ணாடி விரிசல். முட்கள் ஒன்று இருபதில் நின்றிருந்தன.

"ஒண்ணு இருபதுக்கு நான் சாப்பாட்டுக் கடையில இருந்தேங்க" என்றார் கொத்தனார். அவ்வளவுதான் சொன்னார்.

அண்ணன் கடிகாரத்தை வாங்கிக் குலுக்கி, சாவி கொடுத்து, காதில் வைத்தார். கூடமே மூச்சைப் பிடித்தது.

"கண்ணாடிதான்டா போச்சு. சக்கரம் நல்லா இருக்கு" என்றார். என் மூலமாகச் சொல்லவில்லை. தம்பியைப் பார்த்தே சொன்னார்.

"சுவர் சாயலண்ணா" என்றார் தம்பி. "மேலயும் ரெண்டு அங்குலம், கீழயும் ரெண்டு அங்குலம். நூல் பிடிச்ச மாதிரி நிக்குது."

அண்ணன் கொத்தனாரிடம் திரும்பி ஏதோ முனக ஆரம்பித்தார். மன்னிப்பு மாதிரிதான் இருந்தது. கொத்தனார் உளியைக் கீழே வைத்தார்.

"ஐயா, என்னைத் திருடன்னு அந்த வாசல்ல நின்னு கத்தினீங்க. இல்லைன்னும் அந்த வாசல்லயே நின்னு சொல்லணும். அதே சத்தத்துல."

நான் இடையில் புகுந்து ஏதாவது சமாதானம் சொல்லலாமா என்று பார்த்தேன். கொழுந்தியாள் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

அண்ணன் வாசலுக்குப் போனார். "இந்தக் கொத்தனார் மேல தப்பு இல்ல" என்றார்.

"எதிர் மருந்துக்கடை வரைக்கும் கேக்கலைங்க. அன்னைக்குக் கேட்டுச்சு."

அவர் மூச்சை இழுத்துக்கொண்டார். "இந்தக் கொத்தனார் திருடன் இல்ல! நான்தான் தப்பாச் சொல்லிட்டேன்!" தெரு திரும்பிப் பார்த்தது. பக்கத்தில் போய் நின்ற தம்பி, "நான் செஞ்ச வேலை அது! அவர் பேர்ல ஒண்ணுமில்ல!" என்று தன் பங்குக்குக் கத்தினார். மருந்துக்கடைக்காரர் வெளியே வந்து, காரணம் புரியாமலே தலையாட்டினார். கொத்தனார் சுவரைப் பார்த்து நின்றுகொண்டார். தோள் மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தது.

நாலு மணிக்குக் கலவை மெஷின் வந்தது. சமாதானமாகிவிட்டார்களே, இனி சுவர் எதற்கு என்று கேட்டேன்.

"சமாதானம் வேற, மெஷின் சத்தம் வேற" என்றார் அண்ணன்.

"அலாரம் மட்டும் கொஞ்சமா?" என்றார் தம்பி.

உடைந்த கல்லை அடைத்தார்கள். குழிகளில் கான்கிரீட் இறங்கியது. இருவரும் நேருக்கு நேர் நின்று, சந்தோஷமாகச் சண்டை போட்டுக்கொண்டே பார்த்தார்கள்.

*

மறுநாள் காலையில் கொத்தனார் என் அலுவலகத்துக்கு வந்தார். உதவிக்குப் பதிலாக என் சுவரைச் சரியாகக் கட்டித் தருவதாகச் சொன்னார். முதல் வேலையாக, நான் ஒரு வாரம் உயிரைக் கொடுத்துக் கட்டிய சுவரை ஒற்றைக் கையால் தள்ளினார். அது மறுபேச்சில்லாமல் சரிந்தது.

புழுதி அடங்கியதும் அவர் குனிந்து, மூன்றாவது வரிசைக் கல்லின் குழிக்குள்ளிருந்து எதையோ எடுத்து, ஊதித் துடைத்து, என்னிடம் நீட்டினார்.

என் மூக்குக்கண்ணாடி.

குனிந்து கலவை போட்டபோது சட்டைப்பையிலிருந்து நழுவியிருக்க வேண்டும். மாட்டிக்கொண்டேன். ஐந்து நாளைக்குப் பிறகு உலகம் தெளிவாகத் தெரிந்தது. முதலில் தெரிந்தது கொழுந்தியாளின் முகம்.

"உனக்கு இது எப்ப தெரியும்?"

"நேத்து குண்டு வெளிய வந்தப்பவே. நீங்களே கண்டுபிடிப்பீங்கன்னு விட்டுட்டேன் அத்தான். பலகையில அப்படித்தானே எழுதியிருக்கு?"

கொத்தனார் கீழே டீ குடித்துவிட்டுத்தான் வந்திருந்தார், என் கூச்சல் கதை அவர் காதுக்கும் போயிருக்கும். கரண்டியை எடுத்துக்கொண்டு, மாடிப்படி இருக்கும் பக்கம் மட்டும் ஒருமுறை பார்த்தார்.

நான் போனேன். ஐந்து நாளைக்கு முன் நின்ற அதே படியில் நின்றேன். கீழே டீக்கடைக்காரர் குவளை கழுவிக்கொண்டிருந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு, கண்ணாடி கிடைத்துவிட்டது என்று சொன்னேன்.

"கேக்கல அத்தான்" என்றாள் பின்னாலிருந்து கொழுந்தியாள். "அன்னைக்குக் கேட்டுச்சு."

இன்னும் கொஞ்சம் மூச்சை இழுத்துக்கொண்டேன்.